‘தமிழ்நாட்டிலேயே ரெண்டு பேருக்குத்தான் வந்த வைரஸ், என் பையனுக்கு எப்படி வந்தது?’

வாசகர் கேள்வி: குழந்தைகள் நல மருத்துவர் பதில்

ஈரோட்டுப் பக்கம் கூட்டுக் குடும்பத்தில் வாழும் 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. அவருடைய மகனுக்கு எட்டு மாதம், எடை 8 கிலோ. 13 நாட்களுக்கு முன் காய்ச்சலும் சளியும் ஆரம்பித்து, மூன்றாம் நாள் நெஞ்சில் ‘விர்… விர்’ரென்று சத்தம் வந்திருக்கிறது. ஆக்சிஜன் அளவு 97. ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தனியார் லேபில் பல ஆயிரம் ரூபாய் கட்டி, மூக்குச் சளியில் பல வைரஸ்களை ஒரே தடவையில் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்திருக்கிறார்கள். எச்.எம்.பி.வி. (ஹியூமன் மெட்டாநியூமோ வைரஸ் என்ற சளி வைரஸ்) பாசிட்டிவ், சி.டி. மதிப்பு (வைரஸ் தென்பட மெஷின் எத்தனை சுற்று ஓடியது என்ற எண்) 24. கூடவே ரைனோ வைரஸும் பாசிட்டிவ். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விட்டது. “தமிழ்நாட்டிலேயே ரெண்டு பேருக்குத்தான் இது வந்ததுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். உங்க பையனுக்கு எங்கிருந்து வந்துச்சு?” என்று கொழுந்தனார் கேட்டிருக்கிறார். காய்ச்சலுக்கு 11 நாள் முன்பு குழந்தையை ரயிலில் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குத் தூக்கிப் போனதைத்தான் எல்லாரும் குற்றமாகச் சொல்கிறார்கள். மாமியாருக்கு 68 வயது. ஆஸ்துமாவும் சர்க்கரையும் இருக்கின்றன. ஓரகத்தி எட்டு மாத கர்ப்பிணி. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட்டின் படத்தை யாரோ போட்டுவிட்டார்கள். குழந்தையை விடும் கிரெச்சில் நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டுவரச் சொல்கிறார்கள். “மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா, தாய்ப்பாலை நிறுத்தணுமா, மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைத்திருக்கும் அஜித்ரோமைசினைக் கொடுக்கலாமா? இவ்வளவு அபூர்வமான நோய் என் குழந்தையை மட்டும் ஏன் பிடித்தது?” என்று கேட்கிறார்.

அன்பு வாசகிக்கு,

முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டு எட்டு நாள் ஆகிறது, பால் பழையபடி குடிக்கிறான், சிரிக்கிறான், ராத்திரி தூங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டிய கட்டம் கடந்துவிட்டது. சின்ன மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சளி அடைக்கும் இந்த மாதிரி தொற்றில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு இருமல் அடங்க மூன்று வாரம் வரை ஆகும். 13ஆம் நாளில் இருமுவது தாமதமே இல்லை. குழாயின் உள்பக்கத் தோல் உரிந்து மறுபடி வளர அவ்வளவு நாள் பிடிக்கும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரான பதில்: இது அபூர்வமான நோய் இல்லை. ஐந்து வயதைத் தொடுவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துபோகும் வைரஸ் இது. உங்கள் வீட்டில் இந்தச் சண்டைக்கெல்லாம் மூலம் ‘இரண்டு பேர்’ என்ற அந்த எண்தான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ‘இரண்டு பேர்’ யார்?

சீனாவில் எச்.எம்.பி.வி. பரவுகிறது என்ற வீடியோக்கள் 2025 ஜனவரி முதல் வாரத்தில் எல்லார் போனிலும் ஓடின. ஜனவரி 6ஆம் தேதி பெங்களூருவில் மூன்று மாதப் பெண் குழந்தைக்கும் எட்டு மாத ஆண் குழந்தைக்கும் இந்த வைரஸ் இருந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அதையொட்டித் தமிழ்நாட்டிலும் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று சொன்னார்கள். உங்கள் கொழுந்தனார் படித்த செய்தி அதுதான். ஆனால் மத்திய அரசின் அந்த அறிவிப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. பெங்களூருக் குழந்தைகள் இருவரும் வெளிநாடு போனவர்கள் அல்ல. இந்த வைரஸ் இந்தியா உட்பட உலகம் முழுக்க ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதுதான். தலைப்புச் செய்தியில் இந்த இரண்டும் விடுபட்டுப் போயின.

அன்றைக்கு அறிவிக்கப்பட்டது, தேடிப் பார்த்து உறுதியானவர்களின் எண்ணிக்கை. சளி பிடித்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு யாரும் பி.சி.ஆர். எடுப்பதில்லை, எடுக்கவும் தேவையில்லை. மாநிலம் முழுக்க இரண்டே ஊரில் மழைமானி வைத்துவிட்டு, அந்த இரண்டு ஊரில்தான் மழை பெய்தது என்று சொல்வது போன்றது இது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் ஐந்து வயதுக்குள் முதல் தொற்று வந்துவிடும் என்றால், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட அத்தனை முதல் தொற்றுகள் நடந்தாக வேண்டும். 365 நாளுக்குப் பங்கிட்டால் சராசரியாக ஒரு நாளைக்கு 2,000-க்கு மேல் வரும். இது தோராயம்தான். சில மாதங்களில் ஏறும், சில மாதங்களில் இறங்கும். ஆனால் ‘இரண்டு’ என்ற எண் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

எல்லாருக்கும் வரும் என்று எப்படித் தெரியும்?

இந்த வைரஸை 2001-இல் நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகர ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். இருபது வருட காலத்தில் சேமித்து வைத்திருந்த சளி மாதிரிகளில், இன்ன வைரஸ் என்று பெயர் தெரியாமல் கிடந்த 28 குழந்தைகளின் மாதிரிகளிலிருந்து அது கிடைத்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். பல வயதுக் குழந்தைகளின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தொற்று வந்துபோனவர் உடம்பில் அந்தத் தடயம் தங்கியிருக்கும். ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் அது இருந்தது. 1958-இல் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளிலும் இருந்தது. ஆக, கண்டுபிடித்த ஆண்டுதான் 2001. அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே இது மனிதரிடையே சுற்றிக்கொண்டிருந்தது. இந்தியாவில் புனே நகரக் குழந்தைகளிடம் இதைக் கண்டறிந்த ஆய்வு 2004-லேயே வெளிவந்துவிட்டது. நேற்று சீனாவிலிருந்து வந்து இறங்கிய புது வைரஸ் என்ற பேச்சை இனி வீட்டில் யாரும் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு வைரஸ் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு ஒரே ஓர் எண் கிடையாது. ரத்தத்தில் தேடினால், வாழ்நாளில் எப்போதாவது வந்துபோனதா என்பது தெரியும். சளியில் தேடினால், இப்போது இருமிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது காரணம் என்பது தெரியும். அமெரிக்காவில் மூன்று ஊர்களில் 2003 முதல் 2009 வரை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில், மூச்சுத் தொற்றோ காய்ச்சலோ வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளில் 6 சதவீதம் பேரிடமும், புறநோயாளிகளாக வந்தவர்களில் 7 சதவீதம் பேரிடமும் எச்.எம்.பி.வி. இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைகளிலும் நூற்றுக்கு ஒருவரிடம் இருந்தது. ‘நூற்றுக்கு எல்லாரும்’, ‘நூற்றுக்கு ஏழு’, ‘மாநிலத்துக்கு இரண்டு’ என்ற மூன்றும் ஒரே வைரஸைப் பற்றிய உண்மைகளே. எதை எண்ணினார்கள், யாரிடம் எண்ணினார்கள் என்பதுதான் வேறு. அடுத்த முறை ஏதாவது வைரஸின் எண்ணிக்கை செய்தியில் வரும்போது, எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்து இந்த எண் வந்தது என்பதை முதலில் தேடுங்கள். அது இல்லாத எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

எட்டாம் மாதத்தில் ஏன் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. கர்ப்பத்தில் உங்கள் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக அவனுக்குப் போயிருக்கும். ஆறு மாதத்தை ஒட்டி அவை கரைந்துவிடும். அவன் உடம்பு சொந்தமாக இதைச் சந்திக்கும் முதல் காலம் அதற்குப் பிறகுதான். பெங்களூருவின் அந்த இன்னொரு குழந்தைக்கும் எட்டு மாதம்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கல்யாணமா, ரயிலா, யார் காரணம்?

வைரஸ் உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரிய பொதுவாக 3 முதல் 6 நாள் ஆகும். கல்யாணம் காய்ச்சலுக்கு 11 நாள் முன்பு. கணக்கு ஒத்துவரவில்லை. மதுரைப் பயணம் இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதை உங்கள் வீட்டில் எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்டுங்கள்.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: யு.கே.ஜி. படிக்கும் கொழுந்தனார் மகனுக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு நான்கைந்து நாள் முன்பு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது என்று. நாள் கணக்கு அங்கேதான் பொருந்துகிறது. கிரெச்சும் ஒரு வாய்ப்பு. ஆனால் இதைச் சொல்லி அந்தப் பையனைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். அவனுக்கு அவன் வகுப்பிலிருந்து வந்திருக்கும். வகுப்புக்கு இன்னொரு வீட்டிலிருந்து. எல்லாக் குழந்தைக்கும் வரும் ஒன்றுக்கு ‘யார் கொண்டுவந்தது’ என்ற விசாரணையால் ஒரு பயனும் இல்லை. உங்களிடம் அந்த ரிப்போர்ட் இல்லாமல் இருந்திருந்தால் இதை ‘நெஞ்சுச் சளி’ என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்திருப்பீர்கள். வைத்தியமும் இதேதான் நடந்திருக்கும்.

மறுபடி டெஸ்ட் வேண்டாம்

வேண்டவே வேண்டாம். பி.சி.ஆர். தேடுவது வைரஸின் மரபணுத் துண்டை. உயிருள்ள வைரஸ் போன பிறகும் செத்த துண்டுகள் சில நாள் மூக்கில் கிடக்கும். ரிப்போர்ட் பாசிட்டிவ் என்றே வரும். இல்லாவிட்டால் எச்.எம்.பி.வி. போய், புதிதாக வேறொரு வைரஸின் பெயர் வரும். சின்னக் குழந்தைகளின் மூக்கில், அதுவும் கிரெச் போகிற குழந்தைகளின் மூக்கில், ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ரைனோ வைரஸ் அப்படித்தான். நல்லபடி ஓடியாடும் குழந்தைகளிடமும் அது அடிக்கடி கிடைக்கும். ‘இரண்டு வைரஸ் சேர்ந்து தாக்கியிருக்கிறது’ என்று பயப்பட வேண்டாம்.

சி.டி. 24 என்றால் தீவிரமா என்று கேட்டிருக்கிறீர்கள். குச்சி மூக்கில் எவ்வளவு ஆழம் போனது, எத்தனையாவது நாளில் எடுத்தது, எந்த மெஷின் என்பதைப் பொறுத்தெல்லாம் அந்த எண் மாறும். நோயின் தீவிரத்தைக் குழந்தையின் மூச்சைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பரிசோதனை எப்போது உதவும்? ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு மோசமான குழந்தைக்கு, எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு, ஃப்ளூவா என்று தெரிந்தால் அதற்கான மருந்தை ஆரம்பிக்கலாம் என்ற நிலையில் உதவும். எச்.எம்.பி.வி.க்கென்று தனி மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வீட்டில் இருக்கும் குழந்தைக்கு இந்த ரிப்போர்ட்டால் வைத்தியம் மாறப்போவதில்லை.

கிரெச்சுக்கு நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்பதில் மருத்துவ ரீதியாக அர்த்தம் இல்லை. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், விளையாடுகிறான் என்றால் அனுப்பலாம். லேசான இருமல் தடையில்லை. உங்கள் டாக்டரிடம் இப்படி ஒரு சீட்டு வாங்குங்கள்: “குழந்தைக்கு ஏற்பட்ட மூச்சுப் பாதை வைரஸ் தொற்று குணமாகிவிட்டது. இந்தத் தேதியிலிருந்து காய்ச்சல் இல்லை. கிரெச்சுக்கு வரத் தகுதியாக இருக்கிறான்.” வைரஸின் பெயரைக்கூட அதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

வாட்ஸ்அப் குழுவில் விவாதத்தில் இறங்காதீர்கள். படத்தைப் போட்டவரிடம் தனியாகப் பேசி நீக்கச் சொல்லுங்கள். மருத்துவ ரிப்போர்ட் அந்தரங்கமானது; பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பகிர யாருக்கும் உரிமை இல்லை. குழுவில் ஒரே ஒரு தடவை, “குழந்தைக்கு வந்தது எல்லாக் குழந்தைகளுக்கும் வரும் ஒரு சளி வைரஸ். குணமாகிவிட்டான்” என்று போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருமல் நிற்கும் வரை வீட்டில் என்ன செய்வது

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இந்த நேரத்தில் அவனுக்குத் தண்ணீரும் சத்தும் எதிர்ப்புப் புரதமும் அதில்தான் போகின்றன. மூக்கடைப்பால் இழுத்துக் குடிக்க முடியாவிட்டால், பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு 0.65 சதவீத உப்புநீர் சொட்டு மருந்தை மூக்கின் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரே மூச்சில் குடிக்க வைக்காமல், குறைந்த அளவில் அடிக்கடி கொடுங்கள்.

அஜித்ரோமைசினைக் கொடுக்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது. விட்ட காய்ச்சல் இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தாலோ, காதை இழுத்து இழுத்து அழுதாலோ அப்போது பாக்டீரியா சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. இந்த வைரஸுக்குப் பின் காதில் சீழ் பிடிப்பது அடிக்கடி நடப்பதுதான். அதை டாக்டர் காதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இருமல் சிரப் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த சிரப்பால் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த நேரம் அது. விஷம் கலக்காத சிரப்பாலும் இந்த வயதில் பயன் இல்லை. தூக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் கொடுக்கும். ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலங்களைத் தடவ வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிக்க வைக்க வேண்டாம்; அதனால் வெந்துபோன கையோடு வரும் குழந்தைகள் அதிகம்.

காய்ச்சல் மறுபடி வந்தால் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது. இங்கேதான் வீட்டில் தப்பு நடக்கும், கவனியுங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. என்று போட்ட சிரப் என்றால் 5 மி.லி. கொடுக்க வேண்டும். 5 மி.லி.யில் 250 மி.கி. என்றால் 2.4 மி.லி.தான். 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் வெறும் 1.2 மி.லி. சொட்டு மருந்துப் பாட்டிலைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும், தேவைக்கு நான்கு மடங்குக்கு மேல். பாட்டிலின் மேல் உங்கள் மகனுக்கான அளவை மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மாமியார் கொடுத்தாலும் தப்பு வராது.

மூச்சை எண்ணும் முறை

எந்த மெஷினும் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய, மிக உருப்படியான பரிசோதனை இது. குழந்தை தூங்கும்போது அல்லது அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை மேலே எழும்பி இறங்கினால் ஒன்று. முழுதாக 60 நொடி எண்ணுங்கள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். கைக்குழந்தைகள் சில நொடி வேகமாகவும் சில நொடி மெதுவாகவும் மூச்சு விடுவார்கள், கணக்குத் தப்பும். காய்ச்சல் இருந்தால் மூச்சு வேகமாகத்தான் இருக்கும். காய்ச்சல் இறங்கிய பிறகு மறுபடி எண்ணுங்கள்.

இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது முடியும் வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40. இரண்டு மாதம் நிரம்பாத பச்சைக் குழந்தைக்கு 60.

எண்ணிக்கை எப்படி இருந்தாலும், மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு நுனி விரிந்து விரிந்து மூடினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காவிட்டாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 108. வீட்டில் ஆக்சிஜன் பார்க்க வைத்திருக்கும் விரல் கிளிப் மெஷின் பெரியவர்களுக்கானது. குழந்தையின் சின்ன விரலில் நிற்காமல் 85, 99 என்று எதையாவது காட்டும். அதை நம்பிப் பயப்படவும் வேண்டாம், நம்பி வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம்.

எல்லாருக்கும் வரும் என்பதால் அலட்சியம் கூடாது

இதுவரை உங்கள் பயத்தைக் குறைக்கவே எழுதினேன். ஆனால் ‘எல்லாருக்கும் வரும்’ என்பதை ‘ஒன்றும் செய்யாது’ என்று எடுத்துக்கொள்வதும் தவறு. 2018-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, எச்.எம்.பி.வி. நுரையீரல் வரை இறங்கித் தாக்கியது ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 1.42 கோடிக் குழந்தைகளை. அவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 6.43 லட்சம், அதாவது நூற்றுக்கு நான்கைந்து பேர். இறந்தவர்கள் சுமார் 16,100. சளியோடு நின்றுபோனவர்கள் இந்த 1.42 கோடியில் சேரவே இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஆபத்து சிறியதுதான். அத்தனை கோடிப் பேருக்கு வருவதால்தான் அந்தச் சிறு பங்கும் ஆயிரக்கணக்கில் போகிறது. ஆஸ்பத்திரியில் நேர்ந்த மரணங்களில் 64 சதவீதம் ஆறு மாதம்கூட நிரம்பாத குழந்தைகளுடையவை. குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், நுரையீரல் நோயுள்ள முதியவர்கள் ஆகியோரும் கவனம் தேவைப்படுபவர்கள்.

அதனால் உங்கள் வீட்டில் இப்போதைய கவலை இடம் மாற வேண்டும். மகன் தேறிவிட்டான். அடுத்து யோசிக்க வேண்டியது மாமியாரைப் பற்றியும், ஓரகத்திக்குப் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியும்.

மாமியாருக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை என்றால், குழந்தையின் காய்ச்சல் நாட்களில் ஒட்டியிருக்க வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவரும் இந்த வைரஸை வாழ்நாளில் பல முறை சந்தித்தவர்தான். ஒரு முறை வந்தால் கிடைக்கும் எதிர்ப்பு முழுமையானதல்ல, மறுபடி மறுபடி வரும். ஆனால் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். ஆஸ்துமா இருப்பதால் அவருக்கு மட்டும் கூடுதல் கவனம்: இன்னும் ஒரு வாரம் குழந்தையின் மூக்கைத் துடைக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள். தினசரி இன்ஹேலரை, நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளி பிடித்து, இன்ஹேலர் வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட்டாலோ, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திணறினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே நின்றாலோ, சர்க்கரை திடீரென்று எகிறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஆண்டுக்கொரு முறை போடும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தரும் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி இரண்டையும் பற்றி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். அவை எச்.எம்.பி.வி.யைத் தடுக்காது, ஆனால் அவை தடுக்கும் அந்த இரண்டு நோய்களும் அவர் வயதில் இதைவிடப் பெரிய ஆபத்துகள்.

ஓரகத்தியிடமிருந்து நீங்கள் ஒதுங்கிப்போக வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு இது பெரும்பாலும் சாதாரணச் சளியாகவே கழியும். பார்த்து நடக்க வேண்டியது குழந்தை பிறந்த பிறகு வரும் முதல் மூன்று மாதம். வீட்டில் ஒரு கிரெச் பிள்ளை, ஒரு யு.கே.ஜி. பிள்ளை என்றால் ஏதாவது ஒரு வைரஸ் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்காகச் சில ஒழுங்குகளை இப்போதே பேசி வையுங்கள். சளி பிடித்தவர் யாராக இருந்தாலும், பாட்டியே ஆனாலும், பச்சைக் குழந்தையைத் தூக்கக் கூடாது. சளியோடு பால் கொடுக்கும் தாய் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம். வெளியிலிருந்து வந்தால் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும், சாதாரண சோப்பே போதும். பார்க்க வருகிறவர்கள் கன்னத்திலும் கையிலும் முத்தமிட வேண்டாம். யாராவது கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். மூத்தவன் தம்பியையோ தங்கையையோ தொடாமல் இருக்க மாட்டான். காலைத் தொட்டு விளையாடச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை, சிகரெட், கொசுவத்தி மூன்றும் வேண்டாம். முதல் இரண்டு மாதத்தில் உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால், எந்த வைரஸ் என்று யோசித்துக்கொண்டிருக்காமல், வீட்டு மருந்து கொடுக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்னும் ஒன்று. உங்கள் மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் நிமோகாக்கல் பூஸ்டரும் போட வேண்டும். ‘இப்பதான் பெரிய வியாதி வந்து எழுந்திருக்கான்’ என்று வீட்டில் தள்ளிப்போடச் சொல்வார்கள். லேசான இருமலும் மூக்கொழுகலும் தடுப்பூசிக்குத் தடையில்லை. அன்றைக்குக் காய்ச்சல் இல்லை என்றால் போதும். ஃப்ளூ ஊசி இதுவரை போடவில்லை என்றால் அதையும் அப்போதே கேளுங்கள். முதல் முறை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். நான்கு வாரம் கடந்தும் இருமல் நிற்கவில்லை, எடை ஏறவில்லை, அல்லது ஒவ்வொரு சளிக்கும் நெஞ்சில் விசில் சத்தம் வருகிறது என்றால் மட்டும் டாக்டரை மறுபடி பாருங்கள். அப்போது லேப் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு, குழந்தையின் எடை அட்டையையும், வீட்டில் எண்ணிக் குறித்த மூச்சுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.